ஞாயிற்றுக்கிழமை மூச்சு வாங்கிய சர்வர்

போன் அலறியது!

2007. ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம்.

ஜெபக்குமார் ரூம் வாசலில் பனியனைப் பிழிந்துகொண்டிருந்தான். உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்புகிற திருப்பூரில், அவன் பனியனில் மூன்று ஓட்டை.

ஈரக் கையோடு செல்லை எடுத்தான்.

"ஜெபக்குமாருங்களா?"

அப்படி ஒரு பணிவான குரல். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தான்.

"ஆமா. யாரு பேசுதது?"

"இன்ஸ்பெக்டர் வெள்ளியங்கிரி பேசறனுங்க. உங்க ரூம்ல தவசின்னு ஒரு பையன் இருக்காருங்ளா?"

"இருக்கான் சார். சனிக்கிழமை காலைல வேலைக்குப் போனவன், இன்னும் ரூமுக்கு வரல."

"இனி வரமாட்டாருங்க."

"சார்...?"

"கொஞ்சம் கம்பெனிக்கு வந்துட்டுப் போங்க தம்பி. நாங்க ஜீப்புல வந்தா அக்கம்பக்கம் பார்ப்பாங்க... உங்களுக்கு எதுக்குங்க சங்கடம்?"

போன் கட்!

கம்பெனி திருமுருகன்பூண்டி ரோட்டில் இருந்தது. வழியெல்லாம் சிற்பப் பட்டறைகள். வார விடுமுறை என்பதால் கல் தெய்வங்கள் பாதி மூக்கோடு வெயிலில் நின்றன.

ஜெபக்குமார் நாசரேத்துக்காரன். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர். அம்மாவிடம் 'கம்பெனியில் பெரிய இன்ஜினியர்' என்று சொல்லி வைத்திருந்தான். கம்பெனியில் அவனை 'அந்தக் கம்ப்யூட்டர் பையன்' என்றுதான் கூப்பிட்டார்கள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவன். முதலாளி செல்லில் பாட்டு வராவிட்டாலும் அவன்.

இப்போது பிணம் விழுந்தாலும் அவன்!

இரண்டாவது மாடி. சர்வர் ரூம் வாசல்.

தவசி மல்லாந்து கிடந்தான்.

கழுத்தில் எலாஸ்டிக். ஜட்டி இடுப்புக்கு வைத்துத் தைக்கிற எலாஸ்டிக். ஜெர்மன் கம்பெனியின் பெயர் வரிசையாக அச்சடித்தது. இறுக்கம் குறையாத ஏற்றுமதி ரகம்!

உடம்பில் ஜெபக்குமாரின் நீலச் சட்டை. கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். உயிரோடு இருந்தால் திட்டியிருக்கலாம்.

ஜெபக்குமார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

இன்ஸ்பெக்டர் வெள்ளியங்கிரி பக்கத்தில் வந்து, தோளில் கை வைத்து, கனிவாகக் கேட்டார்.

"ஏந்தம்பி... கொன்னுபோட்டீங்ளா?"

"ஐயோ சார்! நானா?"

"நேத்து மத்தியானம் கேன்டீன்ல, 'கொன்னுருவேன்'னு சொன்னீங்ளாமா?"

"சொன்னேன் சார். என் குளிக்கிற பக்கெட்டுல மீனைக் கழுவிட்டான். எங்க ஊர்ல சாப்பிட வாலேன்னு கூப்பிடதுக்கும் அப்படித்தான் சார் சொல்லுவோம்."

"நல்ல ஊருங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

முதலாளி மகுடேஸ்வரன் நாற்காலியில் இருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் ஒரு தூக்குப்போசி. உள்ளே ஊத்துக்குளி வெண்ணெய். பிணம் கிடக்கும்போது வெண்ணெய் தரலாமா என்று முதலாளி ஒரு நிமிடம் யோசித்ததாகவும், உருகிவிடும் என்பதால் கொடுத்துவிட்டதாகவும் கேள்வி.

அவருக்குப் பின்னால் இந்துமதி. கம்ப்ளையன்ஸ் மேனேஜர்.

அது என்ன வேலை?

துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் வருடத்துக்கு ஒரு தடவை ஆடிட்டரை அனுப்புவான். எட்டு மணி நேரம்தான் வேலையா, ஞாயிறு லீவா, ஆபத்து வந்தால் மெஷினை நிறுத்த பட்டன் இருக்கிறதா என்று பார்ப்பான். சட்டப்படி எல்லாம் நடப்பதாகக் காட்டுவது இந்துமதியின் டிபார்ட்மென்ட். சட்டப்படி நடப்பதற்கு அந்தக் கம்பெனியில் டிபார்ட்மென்ட் இல்லை.

நாளை திங்கட்கிழமை. ஆடிட்!

இந்துமதி அலட்டாமல் சொன்னாள். தவசி சனிக்கிழமை ஐந்தரைக்கே வேலை முடிந்து போய்விட்டான். இன்றைக்கு ஞாயிறு, கம்பெனி லீவு, மெயின் கேட் பூட்டு. பின்பக்கப் படிக்கட்டு சர்வர் ரூமுக்கு மட்டும் வரும். அதன் சாவி ஒரே ஒருவரிடம்தான்.

எல்லோரும் ஜெபக்குமாரைப் பார்த்தார்கள்.

அவன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான்.

சாவி இருந்தது. பாழாய்ப்போன சாவி!

"சார், இன்னைக்கு லீவே இல்ல சார். வாராவாரம் ஞாயித்துக்கிழமை வேலை நடக்கும். தவசி ராத்திரியும் இங்கதான் வேலை பாத்திருப்பான். யாரை வேணா கேளுங்க!"

"கேக்கலாங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

பக்கத்து ஹாஸ்டலிலிருந்து நாற்பது பேரை வரிசையாக நிறுத்தினார்கள். தூத்துக்குடி, ராமநாதபுரம், விருதுநகர் என்று எங்கெங்கிருந்தோ வந்து தையல் மெஷினில் உட்கார்ந்தவர்கள். நாளைக்கும் உட்கார வேண்டியவர்கள். இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒவ்வொருவரும் லீவு என்றார்கள். ஒருத்தரும் நிமிரவில்லை.

செக்கிங் செக்‌ஷன் வேல்விழியிடம் வந்தார்.

"இந்தப் பையனை யாராச்சும் கொன்னதைப் பார்த்தீங்ளாம்மா?"

வேல்விழி வாயைத் திறந்தாள். மாதக்கணக்கில் இந்துமதி நடத்திய ஆடிட் ஒத்திகை, தானாக வெளியே வந்தது.

"எட்டு மணி நேரம்தான் வேலை சார். மேனேஜர் அன்பா நடத்துவாங்க. குடிதண்ணி சுத்தமா இருக்கு."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

"சந்தோசம்மா," என்றார்.

கடைசியாகக் கம்ப்யூட்டர். தைத்து முடித்த ஒவ்வொரு கட்டுத் துணியும் கம்ப்யூட்டரில் பதிவாகும். பண்டில் என்ட்ரி என்பார்கள். இந்துமதி திரையைத் திருப்பிக் காட்டினாள்.

ஞாயிறு... பூஜ்யம்!

ஜெபக்குமார் திரையைப் பார்த்தான். காலையிலிருந்து போட்ட என்ட்ரிகளை யாரோ வழித்து எறிந்திருக்கிறார்கள். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. பெரிய இன்ஜினியர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நாளைக்குப் பேப்பரில் போட்டோவோடு வரப் போகிறான்.

"கொஞ்சம் கையை நீட்டுங்க கண்ணு. விலங்கு போட்டுக்கலாம்."

கிளிக்!

"சார்... சர்வர் ரூமுக்குள்ள ஒரு அஞ்சு நிமிஷம் விடுங்க சார். வேற ஒண்ணுமே கேக்கல."

"எதுக்குங்க? இருக்கறதையும் அழிக்கறதுக்குங்களா?" முதலாளி சிரித்தார்.

இன்ஸ்பெக்டர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"உள்ள ஏ.சி. இருக்குதுங்ளா?"

"இருக்கு சார்."

"அப்பப் போலாங்க."

அந்தக் கட்டிடத்தில் இரண்டே இடத்தில்தான் ஏ.சி. ஒன்று முதலாளி ரூம். இன்னொன்று சர்வர் ரூம். ஆளுக்கு வேர்த்தால் துண்டு போதும். சர்வருக்கு வேர்த்தால் ஜெர்மனி கோபித்துக்கொள்ளும்!

விலங்கோடு ஜெபக்குமார் கீபோர்டைத் தட்டினான். பாஸ்வேர்டு இரண்டு தடவை தப்பாகப் போனது.

மூன்றாவது தடவை... திறந்தது!

திரை முழுக்க எண்கள்.

"என்னங்க இது, சேலம் லாட்டரியா?" முதலாளிக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

ஜெபக்குமார் அவரைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரிடம் பேசினான்.

"ஜெர்மனிக்காரன் தன் ஆர்டர் எவ்வளவு முடிஞ்சிருக்குன்னு நம்ம வெப்சைட்டுல பாப்பான் சார். கேக்கும்போதெல்லாம் மொத்தத்தையும் கூட்டிச் சொல்ல கிட்டத்தட்ட ஒரு செகண்ட் ஆகும். பேஜ் ஸ்லோவா இருக்குன்னு அவன் கத்துனான். அதான் கேஷ்னு ஒண்ணு போட்டேன். ஒருக்கா கூட்டின பதிலைப் பக்கத்துலயே எடுத்து வச்சுக்கிடும். மறுபடி கேட்டா, கூட்டாம அதையே நீட்டிரும். கண்ணு சிமிட்டதுக்குள்ள."

"பழைய கொழம்பைச் சுட வெச்சு ஊத்தற மாதிரிங்ளா?"

"அதேதான் சார். ஆனா கீழ ஒரு பண்டில் தைச்சு என்ட்ரி போட்டா, வச்சிருந்த குழம்பு கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். தூரக் கொட்டிட்டு, புதுசா கூட்டும். மறுபடி ஒரு செகண்ட்."

"செரிங்... இதுக்கும் பொணத்துக்கும்?"

"கேஷ் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதிப் போட்டேன் சார். நிமிஷத்துக்கு ஒருக்கா அதுவே ஜெர்மனிக்காரன் மாதிரி அந்தப் பேஜைக் கேக்கும். பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆச்சுன்னு சர்வர் குறிச்சு வச்சுக்கிடும். இப்படி ஒண்ணு ஓடுதுன்னு யாருக்கும் தெரியாது. சொன்னேன், யாரும் காதுல வாங்கல."

இன்ஸ்பெக்டரின் நெற்றி சுருங்கியது.

"அப்ப... பதில் வெடுக்குன்னு வந்தா?"

"கீழ ஒருத்தனும் வேலை பாக்கல."

"இழுத்துட்டு வந்தா?"

"தைக்காங்க சார்!"



முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஜெபக்குமார் முதலில் தீபாவளியை எடுத்தான். அன்றைக்கு மட்டும்தான் நிஜமாகவே லீவு. மூன்று மில்லி செகண்ட்; ஆயிரம் சேர்ந்தால்தான் ஒரு செகண்ட். மூன்று. மூன்று. நாள் முழுக்க சர்வர் கால் நீட்டிப் படுத்திருந்தது.

அப்புறம் இன்றைய ஞாயிறு.

தொள்ளாயிரம்! எண்ணூற்றெண்பது! தொள்ளாயிரத்து நாற்பது! காலையிலிருந்து சர்வர் மூச்சு வாங்கியிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். நடுவில் ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க மட்டும் மூணு மூணா வருதுங்ளே?"

"மணியைப் பாருங்க சார். ஒண்ணு."

"அட... சோத்து நேரம்!"

இந்துமதி முன்னால் வந்தாள். குரலில் துளி நடுக்கமில்லை.

"அது நெட் ப்ராப்ளங்க சார். இன்னைக்குக் காலைல இருந்தே லைன் ஸ்லோ. அதனால லேட்டா காட்டுது."

நல்ல அடி! இன்ஸ்பெக்டர் ஜெபக்குமாரைத் திரும்பிப் பார்த்தார். இவனுடைய தலை இந்தப் பதிலில் தொங்கியது.

"இது லைன்ல போற நேரம் இல்ல மேடம். கேள்வி சர்வர் கைக்கு வந்ததுலருந்து, பதில் கையை விட்டுப் போற வரைக்கும்தான் கணக்கு. வெளிய லைனே அத்துப் போனாலும் இதுல தெரியாது." அவன் ஒரு கணம் நிறுத்தினான். "அதோட நெட் ப்ராப்ளம் ஒரு மணிக்குச் சாப்பிடப் போகாது மேடம்."

இந்துமதி கையிலிருந்த ஃபைலைப் புரட்டினாள்.

ஜெபக்குமார் திரையைக் கீழே நகர்த்தினான். இரண்டே முக்கால்.

அதுவரை தொள்ளாயிரம்.

அதற்கப்புறம்... மூன்று. மூன்று. மூன்று.

ஒரே நிமிடத்தில் மொத்தக் கம்பெனியும் கையை எடுத்திருக்கிறது!

தவசி செத்த நேரம் அது என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"இதுக்குப் பொறவு மூணரைக்கு மறுபடி மூச்சு வாங்குதுங்ளே... அது என்னங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தைக்கலை சார். அழிச்சிருக்காங்க. என்ட்ரி போட்டாலும் குழம்பைக் கொட்டும், என்ட்ரியை அழிச்சாலும் கொட்டும்."

இந்துமதி, கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, தரையைப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். ஜெபக்குமாரின் விலங்கைக் கழற்றினார். அதைக் கையில் ஆட்டிக்கொண்டே முதலாளியிடம் போனார்.

"ஏனுங்க... கேட்டுப் பூட்டு, கம்பெனி லீவு, பின்பக்கச் சாவி இந்தப் பையன்கிட்டன்னு சொன்னீங்க. இப்ப நாப்பது பேரு உள்ள இருந்திருக்காங்க. நீங்களும் இருந்திருப்பீங்க. நட்டநடு மத்தியானம் ஒரு பையனைக் கழுத்தை நெரிச்சிருக்காங்க. யாருங்க அந்தக் கொலைகாரன்? தெரியாதுன்னா சொல்லீருங்க. உங்க பேரையே எழுதிக்கறேன்."

மகுடேஸ்வரனின் நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. ஏ.சி. ரூமில்!

"கொலையெல்லாம் இல்லீங்க..."

"அப்புறம்?"

"சத்தியமா கொலையே இல்லீங்க!"

எல்லாம் கொட்டியது. சனி பகல், சனி ராத்திரி, ஞாயிறு என்று தவசி விடாமல் நின்றிருக்கிறான். துணி சுருட்டுகிற ரோலர் மெஷின். நின்றுகொண்டே கண் அசந்திருக்கிறான். கழுத்தில் போட்டிருந்த துண்டு ரோலருக்குள் போனது. துண்டோடு அவனும். பக்கத்தில் இருந்தவன் ஓடிப் போய் சிவப்பு பட்டனை அமுக்கியிருக்கிறான். மறுபடி அமுக்கியிருக்கிறான். ஓங்கிக் குத்தியிருக்கிறான்.

மெஷின் நிற்கவில்லை.

அது ஆடிட்டுக்காக வைத்த பட்டன். வயர் கிடையாது.

ஜெபக்குமார் சுவரைப் பிடித்துக்கொண்டான். "அப்ப அந்த எலாஸ்டிக்கு...?"

மேலே தூக்கி வந்து, ரோலர் நெரித்த தடத்தின் மேலேயே எலாஸ்டிக்கைச் சுற்றி, சாவி வைத்திருந்தவனின் சர்வர் ரூம் வாசலில் கிடத்தியது யார் யோசனை என்று முதலாளியின் கண் காட்டிக் கொடுத்தது. எல்லோரும் இந்துமதியைப் பார்த்தார்கள்.

"ஆக்சிடெண்டுன்னு ஒத்துக்கிட்டா போதுமேம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "கொலைக் கேசா மாத்தி எதுக்குங்க தலைல இழுத்துப் போட்டுக்கறீங்க?"

இந்துமதி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, புரியாதவருக்குப் புரிய வைக்கிற பொறுமையோடு சொன்னாள்.

"ஞாயித்துக்கெழமை ஆக்சிடெண்டுன்னா ஆடிட் ஃபெயிலுங்க சார். ஆர்டர் போயிரும். ஆடிட் செக்லிஸ்ட்ல கொலைக்குக் கேள்வியே இல்லீங்க."

"அதுக்கு நான் தூக்குல தொங்கணுமா?" ஜெபக்குமாரின் குரல் உடைந்தது.

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"உங்களுக்கும் கேள்வி இல்லீங்க ஜெபக்குமார்."

கீழே வந்தார்கள். நாற்பது பேரும் அப்படியே நின்றிருந்தார்கள். முதலாளி கையில் விலங்கைப் பார்த்ததும் வரிசை லேசாகக் கலைந்தது. இன்ஸ்பெக்டர் மறுபடி கேட்டார். யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா?



வேல்விழி தலையைத் தூக்கினாள்.

"சார்... தண்ணியும் சுத்தமில்ல சார்."

அவ்வளவுதான். அணை உடைந்தது! ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். தவசி சாப்பிடக்கூடப் போகவில்லை என்றான் ஒருவன். பட்டனைக் குத்தியவன் வீங்கிய கையை நீட்டிக் காட்டினான். ஜெபக்குமார் கூட்டத்தை விட்டு விலகி நின்று செல்லை எடுத்தான். தவசியின் அக்காவுக்கு நம்பர் போட்டான். மணி அடிக்க ஆரம்பித்தபோது என்ன சொல்வதென்று தெரியாமல், நீலச் சட்டை போட்ட அந்த உடம்பு வண்டியில் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜீப் கதவு திறந்தது. இந்துமதி ஃபைலோடு ஏறி உட்கார்ந்தாள். வெண்ணெய்த் தூக்குப்போசியை முதலாளி மடியிலேயே திருப்பி வைத்தார் இன்ஸ்பெக்டர்.

மகுடேஸ்வரன் படியில் ஒரு காலை வைத்தார். நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க இன்ஸ்பெக்டர்... நடந்தது நடந்துபோச்சு. நானும் உள்ள வர்றேன். ஒரே ஒரு ஒத்தாசைங்க. அந்தப் பையன் செத்ததை மட்டும் சனிக்கெழமை சாயங்காலம் அஞ்சு மணின்னு எழுதிக்கலாங்ளா? ஷிப்டு டைமுக்குள்ள வந்துரும். ஆர்டராச்சும் தப்பிச்சுக்கும்."

வெள்ளியங்கிரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம், பணிவு கொஞ்சமும் குறையாமல் சொன்னார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்க சார். நான் பார்க்கறதே ஓவர்டைமு... வெரசா ஏறுங்க."